‘சொந்தம்’ என்று எழுதிய டிஸ்க்

அந்தத் திங்கட்கிழமை காலை பல் விளக்கும்போது ஒரு சபதம் எடுத்தேன். இனிமேல் இந்த வீட்டில் என் பேச்சுதான் எடுபட வேண்டும். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதத்தை மனசுக்குள்தான் எடுக்க முடிந்தது. கொப்பளித்துத் துப்பியதில் பாதி போயிற்று. ஹாலுக்கு வந்தால், என் மனைவி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு, "வாங்க, உங்ககிட்ட ஒரு முடிவு சொல்லணும்" என்றாள். மிச்சப் பாதியும் போயிற்று.

கவனித்தீர்களா? யோசனை கேட்கணும் என்று அவள் சொல்லவில்லை. முடிவு சொல்லணும் என்றாள்.

முதலில் எங்கள் இருவரையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஓர் அச்சகத்தில் பக்கம் கட்டுகிறவன். யாரோ எழுதியதையும் யாரோ எடுத்த படத்தையும் கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக அடுக்கிக் கொடுப்பது என் வேலை. ஒரு பக்கத்தின் அடியில் இரண்டு வரி இடம் காலியாகக் கிடந்தால் எனக்குக் கை அரிக்கும். எதையாவது எழுதி அந்த இடத்தை மூடினால்தான் சாப்பாடு இறங்கும். ஒரு பம்புக் கம்பெனியின் விளக்கப் புத்தகத்தில் அடியில் இடம் இருந்ததே என்று, ‘தண்ணீரை வீணாக்காதீர்கள். போனால் வராது. இந்தப் பம்பும் அப்படித்தான்’ என்று நானாகவே சேர்த்துவிட்டேன். பம்பு முதலாளி நேரிலேயே வந்தார். அன்றிலிருந்து அச்சகத்தில் எனக்கு ‘இட்டுநிரப்பி’ என்று பெயர்.

அவள் அதே அச்சகத்தில் புரூஃப் பார்த்து அச்சுப் பிழை திருத்தியவள். நான் பக்கம் கட்டுவேன், அவள் பிழையைச் சிவப்பு மையால் சுழிப்பாள். சுழி கூடக் கூடக் காதலும் கூடியது. நான் இட்டு நிரப்பிய வரிகளை எல்லாம் அடித்து அடித்தே என் வேலையைக் காப்பாற்றியவள் அவள்தான். அந்தப் பம்பு வரி அவள் லீவு போட்ட அன்று தப்பிப் போனது. கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இப்போது வீட்டிலிருந்தே புரூஃப் பார்க்கிறாள். நானும் அவள் மேஜைக்குத் தினமும் வருகிற ஒரு புரூஃப்தான்.

"இதைப் பாருங்க" என்று ஒரு தாளை நீட்டினாள். மருத்துவ அகராதி ஒன்றின் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். நடுவில் டம்ளர் வைத்த வட்டம்.

"அடடே" என்றேன்.

"யார் வெச்ச டம்ளர்?"

"டம்ளர் வெச்சது நான்தான். ஒத்துக்கறேன். ஆனா சாப்பாட்டு மேஜை மேல அகராதியை வெச்சது யாரு?"

"நான்தான். ஏன்னா அகராதி வைக்க எனக்கு வேற மேஜை இல்ல. மேஜை போட ரூம் இல்ல. இருக்கற ஒரு ரூம்ல நீங்க ஆஸ்பத்திரி நடத்தறீங்க."

ஆஸ்பத்திரி என்று அவள் சொல்வது பின்பக்க அறையை. கிழக்குப் பார்த்த ஜன்னல், நல்ல வெளிச்சம், சாத்தினால் சாத்திக்கொள்கிற கதவு. அதில் என் பழைய கம்ப்யூட்டர்கள் மூன்று இருக்கின்றன. ஒன்றுக்குப் பேச்சு மூச்சில்லை. ஒன்று எப்போதாவது முனகும். மூன்றாவது ஓடும், ஆனால் எழுந்து உட்காரப் பதினொரு நிமிஷம் ஆகும். அதன் கடிகார பேட்டரி செத்துவிட்டதால், எப்போது போட்டாலும் ரொம்ப வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜனவரி ஒண்ணாம் தேதியைக் காட்டும். அதைப் பார்க்கும்போது எனக்கே வயசு குறைந்தாற்போல இருக்கும்.

அந்த அறையின் நடுநாயகம் என் டிஸ்க் டிரைவ். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பிளாப்பிக்கு அண்ணன், சிடிக்குச் சித்தப்பா. நீல நிறத்தில் ஒரு பெட்டி. அதற்குள் பிஸ்கட் மாதிரி தடித்த ஒரு டிஸ்க்கைச் செருகினால் ‘களுக்’ என்று வாங்கிக்கொள்ளும். ஒரு டிஸ்க்கில் நூறு எம்பி பிடிக்கும். அப்போது அச்சகத்தில் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாலே ஆட்கள் வழி விடுவார்கள். கட்டைவிரல் தடிமனில் ஒரு கேபிள், அதன் முனையில் இருபத்தைந்து ஊசி, இரண்டு பக்கமும் திருகாணி. இப்போதைய லேப்டாப்பில் அதை மாட்ட இடமே கிடையாது. அது லேப்டாப்பின் குறை.

"அந்த ரூம் எனக்கு வேணும்" என்றாள். "அதுதான் முடிவு."

"என்ன விளையாடறியா? அங்க என் வாழ்க்கையே இருக்கு."

"எங்க இருக்கு?"

"அந்த நாற்பது டிஸ்க்குலயும்தான்."

"டயர் கம்பெனி காலண்டர், விதைக் கடை கேட்டலாக், ஓட்டப் பந்தய சான்றிதழ். இதுவா வாழ்க்கை?"

"மேல ஒட்டியிருக்கற சீட்டைப் பார்த்து எடை போடாதே."

"கடைசியா எப்ப திறந்து பார்த்தீங்க?"

"திறந்து பார்க்கறதுக்கா வெச்சிருக்கேன்? பத்திரமா இருக்கட்டும்னு வெச்சிருக்கேன்."

அவள் சாவிக்கொத்தை எடுத்து என் மூக்குக்கு நேரே ஆட்டினாள். அதில் நகத்தளவு ஒரு பென் டிரைவ் தொங்குகிறது. வெகு நாளாகத் தொங்குகிறது. "உங்க நாற்பதும் இதுக்குள்ள அடங்கிடும்."

"அடங்கும். ஆனா ஒரு கம்பீரம் வேணாமா?"

"கம்பீரத்தை எங்க வேணா வெச்சுக்கோங்க. ரூமைக் காலி பண்ணுங்க."

ஆபத்து என்று தெரிந்துவிட்டது. அந்த அறை போனால் எனக்கு இந்த வீட்டில் இருப்பது சோபாவின் இடது ஓரம் மட்டும்தான். அதிலும் மாலையில் அவளுடைய புரூஃப் உட்கார்ந்திருக்கும். நீரில் முழுகுகிறவன் துரும்பைப் பிடிப்பானாம். நான் ஒரு டிஸ்க்கைப் பிடித்தேன்.

"அதுல ‘சொந்தம்’னு எழுதின டிஸ்க் ஒண்ணு இருக்கு, தெரியுமா?"

"தெரியும். அதுக்கென்ன?"

"அதுல ஒரு கடிதம் இருக்கு."

"என்ன கடிதம்?"

"காதல் கடிதம்."

சிவப்புப் பேனா நின்றது. "யாருக்கு?"

"யாருக்கா? உனக்குத்தான். கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினது. குடுக்கக் கூச்சமா இருந்துச்சு. டிஸ்க்லயே வெச்சுட்டேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை. ஏதோ சம்பள விண்ணப்பம் என்று நினைப்பு. ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முகம் இளகினாற்போல இருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எவ்வளவு பெருசு?" என்றாள்.

"என்னது?"

"கடிதம். நாலு வரியா? முழுப் பக்கமா?"

"முழுப் பக்கம்" என்றேன். பொய் சொல்கிறவனுக்குக் கஞ்சத்தனம் எதற்கு?

"சரி. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அந்தக் கடிதத்தை எனக்கு எடுத்துக் காட்டுங்க. காட்டிட்டா ரூம் உங்களுக்கே. இனி வாயே திறக்க மாட்டேன். காட்டலேன்னா திங்கட்கிழமை என் மேஜை உள்ள போகும்."

"பந்தயமா?"

"பந்தயம்தான்."

கை குலுக்கினோம். இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் கை குலுக்கியது அதுதான் முதல் தடவை. அவள் கை சில்லென்று இருந்தது. என் கைதான் வியர்த்திருந்தது.

அன்று மாலையே வேலையில் இறங்கினேன். பதினொரு நிமிஷம் காத்திருந்து கம்ப்யூட்டரை எழுப்பினேன். இருபத்தைந்து ஊசியையும் கோணாமல் செருகித் திருகாணியை முறுக்கினேன். டிரைவின் பின்பக்கம் கரண்டு கொடுக்கிற அடாப்டரைத் தேடினேன். கிடைக்கவில்லை.

கேபிள் டப்பாவைக் கவிழ்த்தேன். நாலு டெலிபோன் ஒயர், ஒரு ஷேவிங் மெஷின் அடாப்டர், எதற்கென்றே தெரியாத மூன்று அடாப்டர், உடைந்த மூக்குக் கண்ணாடி ஒன்று. என்னுடையதைத் தவிர எல்லாமும் இருந்தது.

"என்னங்க தேடறீங்க?" என்று வந்தாள்.

"அடாப்டர். கறுப்பா, சோப்பு டப்பா சைசுல இருக்கும்."

"அடப் பாவமே. இருங்க, நானும் பார்க்கறேன்." அப்போதுதான் கடைக்குக் கிளம்பியிருந்தாள். தோளில் மாட்டிய கைப்பையைக் கழற்றக்கூட இல்லை. அப்படியே கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், செருப்பு அலமாரியில் பார்த்தாள், அரிசி டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தாள். நான் தோற்றால் அவளுக்குத்தான் லாபம். ஆனாலும் எனக்காகத் தேடுகிறாளே என்று நான் உருகிப்போனேன்.

"கிடைக்கும், கவலைப்படாதீங்க" என்றாள். "எனக்குக் கடிதம் வேணுமே. எனக்குன்னு யாரு என்ன எழுதினாங்க இதுவரைக்கும்? உனக்குன்னு ஒரு ரூம் தரேன், ஜன்னலோட தரேன்னு ஒரு வார்த்தை யாராவது எழுதியிருந்தாக்கூட, அதைப் பார்த்துக்கிட்டே இந்த மேஜையில கிடந்திருப்பேன்."

அந்த வாரம் முழுக்க அவள் இதையே நாலைந்து விதமாகச் சொன்னாள். துணி மடிக்கும்போது சொன்னாள். பால் பொங்கும்போது சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை டிரைவைத் துண்டில் சுற்றிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார். துண்டைப் பிரித்ததும் அதைக் கண்ணுக்கு இறக்கினார்.

"இது என்னங்க, ரொட்டி சுடற மெஷினா?"

"டிஸ்க் டிரைவ்."

"ஓ. எங்க அப்பா ஒண்ணு வெச்சிருந்தாரு."

"இப்ப எங்க இருக்கு?"

"அவரும் இல்ல. அதுவும் இல்ல."

துண்டின் நுனியை எடுத்து டிரைவின் மேல் போர்த்தினார். பிறகு, "இதுக்கு அடாப்டர் வேணும்" என்றேன்.

"இதோட முனை தனி மாதிரிங்க. இப்ப யாரும் செய்யறதில்ல."

"வேற எதையாவது செருகிப் பார்க்கலாமா?"

"தாராளமா. ஒரு தடவை பார்க்கலாம்."

"ஒரு தடவைதானா?"

"அதுக்கப்புறம் பார்க்க எதுவும் இருக்காதுங்க."

துண்டைச் சுற்றிக்கொண்டு திரும்பினேன். வாசலில் எதிர் வீட்டு லிஃப்ட் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எதையும் அவர் மேலே போகிறதா, கீழே போகிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்.

"என்ன தம்பி, முகம் கிரவுண்ட் ஃபுளோர்ல நிக்குது?"

எல்லாவற்றையும் சொன்னேன். வாசலிலேயே நின்று, எங்கள் வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"தங்கச்சி அந்தக் கடிதத்தைப் பார்த்திருக்கா?"

"இல்லண்ணே."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"நானும் இல்ல."

"அப்ப அதுல என்ன இருக்குன்னு உலகத்துல யாருக்கும் தெரியாது. சரிதானே?"

"சரிதான்."

"அப்ப புதுசா எழுதினா என்ன தப்பு?"

என் தலைக்குள் பல்பு எரிந்தது. எழுதுவதா? நானா? முப்பது வருஷமாக யார் யார் எழுதியதற்கோ நடுவில் என் வரியைத் திணித்து வந்தவன், ஒரு முழுப் பக்கத்தையே என் கையில் கொடுத்தால் விடுவேனா?

"அடாப்டர் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா?"

"எங்க வீட்ல இருந்துச்சுன்னு சொல்லுங்க. நான் பார்த்துக்கறேன். லிஃப்ட் நடுவுல நின்னப்ப உள்ள இருந்தவங்ககிட்ட நான் சொல்லாத பொய்யா?"

சனிக்கிழமை மத்தியானம் அவள் புரூஃப் கொடுக்க வெளியே போனாள். நான் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து கதவைச் சாத்தினேன்.

என் தொழில் சுத்தத்தை நீங்கள் மெச்ச வேண்டும். லேப்டாப்பில் அடிக்கவில்லை. பழைய கம்ப்யூட்டரில், அந்தக் காலத்து எழுத்துருவில் அடித்தேன். தேதியைப் பற்றிக் கவலையே இல்லை. அது ஏற்கெனவே எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய அந்த ஜனவரியில்தான் வாழ்கிறது, தாளின் தலையிலும் அதையே போட்டுவிடும். அச்சகத்திலிருந்து எப்போதோ கொண்டுவந்த தாள் கட்டு ஒன்று, ஓரமெல்லாம் பழுத்துப்போய் அலமாரியில் கிடந்தது. அந்தக் காலத்தில் நான் வழக்கமாகச் செய்த இரண்டு எழுத்துப் பிழைகளைக்கூட மறக்காமல் செய்தேன்.

‘அன்புள்ள சிவப்பு மைக்கு’ என்று ஆரம்பித்தேன்.

‘என் பக்கங்களில் நீங்கள் போடும் ஒவ்வொரு சுழியும் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. தப்பில்லாமல் பக்கம் கட்ட எனக்குத் தெரியும். ஆனால் தப்பில்லாவிட்டால் நீங்கள் என் மேஜைக்கு வர மாட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். நேற்று வேண்டுமென்றே ஒரு படத்தைத் தலைகீழாக வைத்தேன். நீங்கள் வந்தீர்கள். சிரித்தீர்கள். முதலாளி திட்டியது என் காதில் விழவே இல்லை.’

எழுத எழுத வந்தது. உங்களிடம் மறைப்பானேன், அந்தத் தலைகீழ்ப் படம் நிஜம். ஒரு பசுமாட்டின் படம். அவள் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பும் நிஜம். பொய்க் கடிதம் எழுத உட்கார்ந்தவன், பாதிக்கு மேல் ஒரு பொய்யும் இல்லாமல் எழுதிக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் இவளிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு முடித்தேன்.

முடித்துவிட்டுப் பார்த்தால், பக்கத்தின் அடியில் நாலு வரி இடம் காலி.

முழுப் பக்கம் என்று சொல்லியிருக்கிறேன். அது ஒரு பக்கம் இருக்கட்டும். முழுப் பக்கம் என்று சொல்லாவிட்டாலும் அந்த நாலு வரியை என்னால் விட்டுவிட்டு எழுந்திருக்க முடியாது. கை அரித்தது. என்ன போடலாம்? ஒரு பெண்ணின் மனசைக் குளிர வைக்கிற மாதிரி, வாரம் முழுக்கக் கேட்ட மாதிரி, நாலே வரியில். விரல் தானாக ஓடியது. எங்கிருந்து வந்தது இந்த யோசனை என்று நான் நின்று கேட்கவில்லை. நிரம்பியதா, அடி சரியாக உட்கார்ந்ததா, அவ்வளவுதான் பார்த்தேன். பழைய பிரிண்டர் ஆறு தும்மல் தும்மிவிட்டுத் தாளைத் துப்பியது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. சாட்சிக்கு லிஃப்ட் அண்ணனையும் டீக்குக் கூப்பிட்டிருந்தேன். வெற்றி விழாவுக்கு ஒரு பார்வையாளராவது வேண்டாமா?

"கிடைச்சுது" என்று தாளை மேஜையில் வைத்தேன்.

அவள் கண் விரிந்தது. "டிரைவ் ஓடிச்சா?"

"ஓடிச்சு. அண்ணன் வீட்ல இருந்த அடாப்டர் கரெக்டா பொருந்திச்சு."

"நிஜமாவாண்ணா?"

"ஆமா தங்கச்சி" என்றார் லிஃப்ட் அண்ணன், டீயைப் பார்த்துக்கொண்டே. "பரண்ல கிடந்துச்சு. மேலேருந்து கீழே எடுத்துக் குடுத்தேன்."

"அப்ப மத்த டிஸ்க்கையும் போட்டுப் பார்க்கலாமே."

"முடியாது" என்றேன். "கடிதம் வந்துச்சு, உடனே அடாப்டர் புகைஞ்சு போச்சு. அதோட ஆயுசு அவ்வளவுதான்."

"பாவம்" என்றாள். "கடமையை முடிச்சிட்டுத்தான் போயிருக்கு."

தாளை எடுத்தாள்.  புரூஃப் பார்க்கிறவளிடம் போலிக் கடிதம் கொடுப்பது போலீஸ்காரரிடம் திருட்டுச் சைக்கிளுக்குக் காற்றடிக்கக் கேட்பது மாதிரி. கையில் சிவப்புப் பேனா வேறு இருந்தது. பேனா தாளின் மேல் நகர்ந்தது, முதல் பிழையில் நின்றது, இரண்டாவது பிழையில் நின்றது.

"அதே தப்பு" என்றாள். "அச்சு அசல் அந்தக் காலத்துத் தப்பு." சுழிக்காமல் விட்டாள்.

பசுமாடு வந்த இடத்தில் அவள் உதடு துடித்தது. படித்து முடித்துவிட்டு உள்ளங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லிஃப்ட் அண்ணன் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். ஏறுகிறது தம்பி, ஏறுகிறது என்று அதற்கு அர்த்தம்.

"இது நீங்க அப்ப எழுதினதுதானே?" என்றாள்.

"பின்னே?"

"கல்யாணத்துக்கு முன்னாடி?"

"தேதியைப் பாரு."

"ஒவ்வொரு வரியும் நீங்களே எழுதினதா?"

"கமா உட்பட."

"அண்ணா, நீங்க சாட்சி. இவர் பந்தயத்துல ஜெயிச்சுட்டார். ரூம் இவருக்குத்தான்."

எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. "போகட்டும், விடு. வருத்தப்படாதே" என்றுகூடச் சொன்னேன். ஜெயித்தவன் பெருந்தன்மையாக இருக்க வேண்டும்.

"இல்லைங்க, எனக்கு ரொம்ப சந்தோஷம். ஒரே ஒரு ஆசை. கடைசி நாலு வரியை உங்க வாயாலேயே படிங்க. அண்ணாவும் கேக்கட்டும்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, குரலில் பாவம் சேர்த்து வாசித்தேன்.

"‘நாளை நமக்கென்று ஒரு வீடு அமையும்போது, அதில் வெளிச்சமான ஜன்னலும் சாத்திக்கொள்ளக் கதவும் உள்ள ஓர் அறை உங்களுக்கே உங்களுக்கென்று இருக்கும். அதில் என்னுடைய ஓர் ஒயர்கூடக் கிடக்காது. இது என் வாக்கு.’"

வாசித்து முடித்த பிறகும் ‘வாக்கு’ என்ற சொல் என் காதில் நின்றது. டீ டம்ளரை வைத்தேன். அகராதியின் மேல் வைத்துவிட்டேன். அவள் மெதுவாக டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"ரூம் உங்களுதுதான்" என்றாள். "அதை நீங்க எனக்கு எப்பவோ எழுதிக் குடுத்துட்டீங்க. எனக்குத்தான் தெரியாம போச்சு."

"அது வந்து..."

"என்னங்க?"

"அது அப்ப ஏதோ ஒரு வேகத்துல..."

"அப்ப எழுதினதுதானே?"

யோசித்துப் பாருங்கள். அப்போது எழுதியது என்றால் வாக்கு. வாக்கு என்றால் அறை போச்சு. இப்போது எழுதியது என்றால் கடிதம் பொய். பொய் என்றால் பந்தயம் போச்சு, அறையும் போச்சு, அதற்கு மேல் மானமும் போச்சு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மானமாவது மிஞ்சட்டும் என்று, "அப்ப எழுதினதுதான்" என்றேன்.

உதவிக்கு லிஃப்ட் அண்ணனைப் பார்த்தேன். அவர் எழுந்து வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்.

"எழுதினதைக் காப்பாத்தணும் தம்பி" என்றார். "கீழே இறக்கறதுக்கு ஆள் வேணும்னா கூப்பிடுங்க."

திங்களும் செவ்வாயும் இறக்கினோம். மாடிப்படிக்குக் கீழே துடைப்பமும் பக்கெட்டும் இருந்த இடத்தில் என் ஆஸ்பத்திரி இடம் மாறியது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். எங்களுக்கு மேல் மாடியில் குடியிருப்பவர் ஒவ்வொரு தடவை படி இறங்கும்போதும் என் கம்ப்யூட்டர் மேல் கொஞ்சம் காரை உதிரும். ஆனால் பிளக் பாயின்ட் ஒன்று இருந்தது. அதை அவள்தான் எனக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

பின்பக்க அறையில் அவள் மேஜை ஜன்னலோரம் உட்கார்ந்தது. அகராதி விரிந்தது. கதவு சாத்திக்கொண்டது. கடிதத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிடுவாளோ என்று பயந்தேன். மாட்டவில்லை. துணி அலமாரியில், சேலைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினாள்.

மூன்றாம் நாள் மாலை மாடிப்படிக்குக் கீழே குனிந்து வந்தாள். கைப்பையைத் திறந்து, கறுப்பாக, சோப்பு டப்பா சைசில் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள்.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "இது எங்க கிடைச்சுது?"

"போன வாரம் திங்கட்கிழமை காலைல. நீங்க பல் விளக்கிட்டிருந்தப்ப."

"திங்கட்கிழமையா? அப்ப எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டேதான் கூடவே தேடினியா?"

"தேடினேனே. அரிசி டப்பாவுல இல்லவே இல்ல."

"டிரைவ் ஓடலேன்னு உனக்குத் தெரியும். கடிதம் எங்கேருந்து வந்துச்சுன்னும் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் சேலைக்கு நடுவுல வெச்சுப் பூட்டினே?"

அவள் போகத் திரும்பியவள் நின்றாள். "எப்ப எழுதினா என்னங்க? எனக்குத்தானே எழுதினீங்க. பசுமாடு எனக்கும் ஞாபகம் இருக்கு." பிறகு, தலை இடிக்காமல் குனிந்து போய்விட்டாள்.

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டுக்கும் அந்த இடத்தில் இடம் போதாது. சரி, தோற்றவனுக்கு ஓர் ஆறுதலாவது வேண்டும். சம்பள விண்ணப்பமோ எதுவோ, ‘சொந்தம்’ டிஸ்க்கில் என் சொந்தம் ஏதோ ஒன்று இருக்குமே. ஒருவேளை நிஜமாகவே ஒரு கடிதம் எழுதி மறந்திருந்தால்? இருந்தால் கொண்டுபோய் அவள் மேஜையில் போட்டு, இதோ பார், இது அசல் என்று சொல்லலாமே.

கம்ப்யூட்டரைப் போட்டு அடாப்டரைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. டிஸ்க்கைத் தள்ளினேன். ‘களுக்.’ உள்ளே ஏதோ சுற்றுகிற சத்தம். எத்தனை வருஷம் கழித்துக் கேட்கிற சத்தம்.  பதினொரு நிமிஷத்துக்குப் பிறகு திரையில் ‘சொந்தம்’ வந்தது. உள்ளே ஒரே ஒரு ஃபைல். நான் எழுதியது எதுவும் இல்லை. பதினொரு வருஷத்துக்கு முந்தைய தேதி போட்டிருந்தது, அப்போது கடிகார பேட்டரிக்கு உயிர் இருந்திருக்கிறது. திறந்தேன். ஒரு பிழைகூட இல்லாமல் இரண்டு வரி இருந்தது:

‘நாற்பது டிஸ்க்கிலும் இருந்ததை எல்லாம் சாவிக்கொத்தில் தொங்குகிற பென் டிரைவில் ஏற்றிவிட்டேன். இதைப் படித்தவுடன் சொல்லுங்கள், டிஸ்க்குகளை எடைக்குப் போட்டுவிட்டு அந்த அறையில் என் மேஜையைப் போட்டுக்கொள்கிறேன்.’